அன்னபேதி ஏன் சேறாகிறது, போர்வெல் தண்ணீர் ஏன் சிவக்கிறது

காங்கேயம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் கேட்டது இது: "போர் தண்ணி வெளிய வர்றப்ப கண்ணாடியாட்டம் இருக்குதுங்க. தொட்டியில ஒரு மணி நேரம் நின்னா செம்மண்ணக் கரைச்சாப்புல ஆயிருது. சோளமும் கடலையும் வெளுத்துக் கெடக்குதுன்னு அன்னபேதி வாங்கி அதே தண்ணியில கரைச்சேன். அடிச்சு முடிக்கறதுக்குள்ள டேங்குல சேறு. பயிரும் பச்சையாகல. உரக்கடையில கீலேட் வாங்குங்க, அதும் இரும்புதான்ங்கறாங்க. கரைஞ்ச இரும்புல இத்தனை வகையாங்க?"

அவருடைய குழப்பம் நியாயமானது. தண்ணீரிலேயே இரும்பு இருக்கிறது, பயிரோ இரும்பில்லாமல் வெளுக்கிறது, அன்னபேதி என்ற இரும்பு உப்பாக மேலே அடித்த இரும்பும் பிடிக்கவில்லை. நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் மூன்று வருடம் இருந்தேன், அப்புறம் ஈரோட்டுப் பக்கம் கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேல் வேதியியல் நடத்தினேன். இரண்டு இடத்திலும் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம்தான் இது. உலோக அயனி, அதாவது எலக்ட்ரானை இழந்து நேர்மின்னேற்றம் பெற்ற உலோக அணு, தண்ணீருக்குள் ஒருநாளும் தனியாக இருப்பதில்லை, எதையாவது பிடித்துக்கொண்டுதான் இருக்கும். எதைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அது கரைந்திருக்குமா, படியுமா, நிறம் மாறுமா, வேருக்குள் போகுமா என்பதெல்லாம் பின்னாலேயே வரும்.

மயில்துத்தத்தில், அதாவது தாமிர சல்பேட்டில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நீலக் கட்டி ஒன்றைச் சோதனைக் குழாயில் போட்டு மெதுவாகச் சூடாக்கினால் ஆவி வெளியேறி வெளுத்த பொடி மிஞ்சும். ஆறவிட்டு இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று நீலம் திரும்பும், குழாய் கையில் சுடும். தாமிரம் இருந்த இடத்திலேயே இருந்தது, போய் வந்தது தண்ணீர் மட்டும். அந்த நீலம், தண்ணீர் மூலக்கூறுகள் சுற்றி நிற்கும் தாமிர அயனியின் நிறம். கையில் சுட்டதே, அது அந்தத் தண்ணீர் வந்து ஒட்டிக்கொண்டபோது வெளியான வெப்பம்.

தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் சற்று எதிர்மின்னேற்றம் கூடுதலாக இருக்கும். நேர்மின் கொண்ட உலோக அயனி அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறது. இரும்பு, அலுமினியம், குரோமியம், நிக்கல் எல்லாம் ஆறு தண்ணீரை வைத்துக்கொள்ளும்: நான்கு திசையில் நான்கு, தலைக்கு மேல் ஒன்று, காலுக்குக் கீழ் ஒன்று. தாமிரம் அதில் கொஞ்சம் வேறு மாதிரி, நான்கைக் கிட்டத்திலும் இரண்டைத் தள்ளியும் வைத்திருக்கும். உலோகத்தைச் சுற்றி இப்படி எண்ணிக்கையோடும் திசையோடும் மற்றவை உட்கார்ந்திருக்கும் என்பதை 1893-ல் சூரிச்சில் ஆல்பிரட் வெர்னர் எடுத்துச் சொன்னார். எலக்ட்ரானே கண்டுபிடிக்கப்படாத காலம் அது. கரைசல்களின் நிறத்தையும் மின்கடத்தலையும் வைத்தே அவர் அதைக் கண்டார் என்பது இன்றும் எனக்கு வியப்புத்தான். 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒட்டிய தண்ணீர் அங்கேயே நிற்பதுமில்லை. கால்சியத்தையும் தாமிரத்தையும் சுற்றியிருக்கும் தண்ணீர் ஒரு நொடிக்குள் பத்துக் கோடி தடவைக்கும் மேல் இடம் மாறும். குரோமியத்தில் அதே மாற்றத்துக்கு நாள் கணக்காகும். ஈரோட்டுத் தோல் ஷாப்புகளில் குரோம் பதனிடுவது பொறுமையான வேலையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முதலில் தோலை அமிலத்தில் ஊறவைத்து குரோமியத்தை உள்ளே போகவிடுவார்கள், அப்புறம் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். அமிலத்தில் குரோமியம் தண்ணீரை விட்டுத் தோலின் புரதத்தைப் பிடிக்க அவசரப்படாது, அதனால் ஆழம் வரைக்கும் இறங்கும். காரம் கூடியபின் பிடித்தால் விடாது.

சரி, இரும்புக்கு வருவோம். இரும்பு அயனி இரண்டு விதம். இரண்டு மின்னேற்றம் உள்ளது ஃபெர்ரஸ், மூன்று உள்ளது ஃபெர்ரிக். அன்னபேதி ஃபெர்ரஸ் சல்பேட், உங்கள் போர் தண்ணீரில் கீழே இருப்பதும் ஃபெர்ரஸ்தான். ஒரே ஒரு மின்னேற்ற வித்தியாசம், குணமோ தலைகீழ்.

மூன்று மின்னேற்றம் உள்ள சிறிய அயனி தண்ணீரின் ஆக்சிஜனை மிக வலுவாகத் தன் பக்கம் இழுக்கிறது. அந்த இழுப்பில் ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவில் இருக்கும் கட்டு தளர்ந்து, ஹைட்ரஜன் அயனி கழன்று தண்ணீருக்குள் போய்விடும். ஹைட்ரஜன் அயனி வெளியே வந்தால் அதற்குப் பெயர் அமிலம். அதாவது ஃபெர்ரிக் உப்பைச் சும்மா தண்ணீரில் கரைத்தாலே கரைசல் புளிப்பாகிவிடும். எவ்வளவு புளிப்பு என்றால், ஆறு தண்ணீரோடு நிற்கும் ஃபெர்ரிக் அயனி வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைவிட வலுவான அமிலம், பாஸ்பாரிக் அமிலத்துக்குச் சமமாக வரும். அலுமினியம் கிட்டத்தட்ட அசிட்டிக் அமிலத்தின் அளவு. படிகாரத்தை நாக்கில் வைத்தால் புளித்துத் துவர்ப்பது இதனால்தான். ஃபெர்ரஸ் அயனிக்கு மின்னேற்றம் குறைவு, உருவமும் சற்றுப் பெரிது. அது தண்ணீரை இழுத்தாலும் ஹைட்ரஜனைக் கழற்றும் அளவுக்கு இழுக்காது. சாதாரணத் தண்ணீரில் சமாதானமாகக் கரைந்திருக்கும்.

ஹைட்ரஜன் கழன்ற இடத்தில் ஹைட்ராக்சைடு நிற்கிறது. பக்கத்து இரும்பும் அதே நிலையில் இருந்தால் ஒரே ஹைட்ராக்சைடை இரண்டு இரும்பும் பங்குபோட்டுக் கை கோக்கும். அப்புறம் மூன்றாவது, நூறாவது, ஆயிரமாவது. கடைசியில் கண்ணுக்குத் தெரியும் பழுப்புச் சேறு. புளிப்புக்கும் காரத்துக்கும் அளவுகோல் பி.எச்.; 7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். பி.எச். 7-ல் கை கோக்காமல் தனித்து நிற்கும் ஃபெர்ரிக் அயனிகள் ஒரு லிட்டர் தண்ணீரில் சில லட்சங்களோ சில பத்து லட்சங்களோதான் இருக்க முடியும். லட்சம் என்றால் பெரிதாகத் தோன்றும். ஆனால் ஒரு சொட்டு அன்னபேதிக் கரைசலில் இருக்கும் இரும்போடு வைத்துப் பார்த்தால் அது இல்லவே இல்லை என்றுதான் அர்த்தம்.

இதே கதை நம்முடைய மலைகளிலும் நடந்திருக்கிறது. ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் இருக்கிறது. மேட்டூரில் அலுமினியம் உருக்கியது அந்தக் கல்லை வைத்துத்தான். மழை காலகாலமாகப் பாறையைக் கழுவும்போது, ஒரு மின்னேற்றமும் இரண்டு மின்னேற்றமும் உள்ள சோடியமும் கால்சியமும் தண்ணீரோடு இறங்கிவிட்டன. மூன்று மின்னேற்றம் உள்ள அலுமினியமும் இரும்பும் ஹைட்ராக்சைடைக் கட்டிப்பிடித்து மேலேயே தங்கிவிட்டன. மழை குறைந்த காங்கேயம், தாராபுரம் பூமியிலோ கால்சியம் முழுசாகக் கழுவிப் போக முடியாமல் சுண்ணாம்பாகப் படிந்தது. உழும்போது கொழுவில் இடிபடும் சுக்காங்கல் அதுதான். உங்கள் சோளம் வெளுத்ததற்கும் இந்தச் சுண்ணாம்புக்கும் சம்பந்தம் இருக்கிறது, கீழே வருகிறேன்.

இப்போது போர். பல நூறு அடிக்குக் கீழே பாறை இடுக்கில் நிற்கும் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்காது. அங்கே இரும்பு ஃபெர்ரஸாகக் கரைந்து, நிறமில்லாமல் நிற்கும். மோட்டார் மேலே தூக்கிவந்து தொட்டியில் கொட்டும்போது காற்று படுகிறது. கரைந்த ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன் ஏழு மில்லிகிராம் ஃபெர்ரஸ் இரும்பை ஃபெர்ரிக்காக மாற்றப் போதும், ஆக ஆக்சிஜனுக்குப் பஞ்சமே இல்லை. வேகத்தைத் தீர்மானிப்பது பி.எச். தான். நம் தண்ணீர் இருக்கும் நிலையில் பி.எச். ஒரு அலகு கூடினால் இந்த மாற்றம் நூறு மடங்கு வேகமாக நடக்கும். போர் தண்ணீர் வெளியே வந்ததும் அதில் அடைபட்டிருந்த கரியமில வாயு வெளியேறும், அதனால் பி.எச். தானாகவே ஏறும். ஒரு பக்கம் ஆக்சிஜன் உள்ளே வருகிறது, இன்னொரு பக்கம் புளிப்பு வெளியே போகிறது. ஒரு மணி நேரத்தில் சிவப்பதற்கு வேறென்ன வேண்டும்!

தொட்டிக்குச் செய்ய வேண்டியதும் இதிலேயே இருக்கிறது. மாறட்டும் என்று விடுங்கள், இன்னும் வேகமாக மாற வையுங்கள். தண்ணீரை ஒரே குழாயில் கொட்டாமல், ஓட்டை போட்ட பைப்பில் பூவாளி மாதிரி உயரத்திலிருந்து விழவிடுங்கள். ராத்திரி முழுக்க நிற்கட்டும். சொட்டுநீர்க் குழாய்க்கு எடுக்கும் வாய் தொட்டித் தரையிலிருந்து அரையடிக்கு மேல் இருக்கட்டும், நடுவில் ஒரு மணல் ஃபில்டர் இருக்கட்டும். இதைச் செய்யாமல் நேராகச் சொட்டுநீருக்கு விட்டால் அதே மாற்றம் டிரிப்பர் வாயில் நடக்கும், அடைத்துக்கொள்ளும். மருந்து ஊற்றி இரும்பைக் "கரைக்க" முயல்வதைவிட, படியவைத்துப் பிரிப்பது மலிவு.

அன்னபேதி சேறானதும் அதே காரியம்தான், இன்னும் வேகமாக. நம் ஊர் போர் தண்ணீரில், அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் அதிகம், பி.எச். பெரும்பாலும் ஏழரையைத் தாண்டியிருக்கும். அதில் அன்னபேதியைப் போட்டுக் கலக்கினால் காற்றையும் சேர்த்துக் கலக்குகிறீர்கள். சேறானபின் இலையில் அடித்தால் இலைமேல் துரு பூசியது போலத்தான், உள்ளே இறங்காது. வாங்கிய அன்னபேதியே பச்சை மாறிப் பழுப்பேறி இருந்தால் பாதி வேலை மூட்டையிலேயே முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதை வாங்க வேண்டாம்.

படிவது எப்போதும் கெடுதல் என்று நினைத்துவிடக் கூடாது. வேண்டுமென்றே படியவைத்துப் பயன்படுத்தும் மருந்தும் இருக்கிறது, போர்டோ கலவை. பொள்ளாச்சி தென்னைக்காரர்களுக்கும் பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்கால்காரர்களுக்கும் பழக்கமானது. நூறு லிட்டருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு. தாமிரம் வெறும் தண்ணீரோடு நின்றால் பூஞ்சையைக் கொல்லும், இலையையும் கருக்கும். சுண்ணாம்பு சேர்ந்ததும் அது நீலக் களியாக இலைமேல் ஒட்டி, மழையிலும் பனியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமிர அயனியை விடுகிறது. பிரான்சில் போர்டோ பக்கம் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமலிருக்க இப்படி நீலமாகத் தெளித்து வைத்திருந்தார்கள். தெளித்த கொடியில் அடிச்சாம்பல் நோய் இல்லாததைக் கவனித்த தாவரவியலாளர் மில்லார்டே அதை ஆராய்ந்து 1885-ல் வெளியிட்டார்.

என் அப்பாரு கலவை சரியா என்று பார்க்கக் கதிரரிவாள் நுனியைத் தேய்த்துச் சுத்தமாக்கி ஒரு நிமிடம் முக்கிவைப்பார். செம்பு நிறம் ஏறினால் இன்னும் சுண்ணாம்பு போடச் சொல்வார். அவர் பார்த்தது, படியாமல் மிச்சம் நின்ற தாமிர அயனி இரும்பிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு செம்பாகவே இறங்குவதை. இரும்பு வாளியில் இந்தக் கலவையைப் போடக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

இனி கீலேட். இந்த இடத்தில்தான் விஷயம் உண்மையில் அழகாகிறது.

தண்ணீருக்கு ஒரு கை. ஒரு தண்ணீர் இரும்பை ஒரே இடத்தில்தான் பிடிக்க முடியும். இ.டி.டி.ஏ. என்ற மூலக்கூறுக்கு ஆறு கை, இரண்டு நைட்ரஜன், நான்கு ஆக்சிஜன். ஒற்றை ஆளாக வந்து இரும்பை முழுசாகச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், உட்கார்ந்திருந்த தண்ணீர் மூலக்கூறுகள் ஏறக்குறைய எல்லாம் விடுதலையாகிப் போய்விடும். ஒருவர் வந்து பலர் சுதந்திரமாகத் திரிவதால் இயற்கை அந்தப் பக்கமே சாயும். ஒரு கை நழுவினாலும் மற்ற ஐந்து பிடித்திருக்கும், நழுவிய கை திரும்பி வந்துவிடும். பாடப்புத்தகத்தில் இதைக் கொடுக்கு இணைப்பு என்போம். நண்டுக் கொடுக்கை நினைத்து வைத்த பெயர். இரும்பு இப்படிப் பிடிபட்டால் ஹைட்ராக்சைடுக்கு அதிகம் இடமில்லை, பக்கத்து இரும்புகளோடு கை கோத்துச் சேறாகவும் வழியில்லை. கரைந்தே நிற்கும்.

சாயப்பட்டறையில் சீக்வெஸ்ட்ரிங் ஏஜென்ட் என்று ஊற்றுவதெல்லாம் இந்தக் குடும்பம்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெள்ளைப் பனியன் துணி ஒரு லாட் பெராக்சைடு சலவை முடிந்து வந்தபோது, அங்கங்கே குண்டூசி குத்தினாற்போல ஓட்டை. எந்திரம் கிழித்தது என்று எல்லாரும் எந்திரத்தையே தடவிக்கொண்டிருந்தோம். காரணம் துணியில் ஒட்டியிருந்த துருத் துகள். இரும்பு இருக்கும் இடத்தில் பெராக்சைடு தாறுமாறாகச் சிதைந்து அந்த இடத்து நூலையே தின்றுவிடும். அன்றிலிருந்து சலவைக்கு முன்னால் தண்ணீரின் இரும்பைப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனால் எதையும் அளவில்லாமல் ஊற்றக்கூடாது என்பதையும் அங்கேதான் கற்றேன். சில சாயங்களின் உள்ளேயே உலோகம் உண்டு. இ.டி.டி.ஏ. அதிகமானால் சில தாமிரச் சாயங்களிலிருந்து தாமிரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும், ஷேடு மாறிவிடும். டர்காய்ஸ் நீலத்தில் மட்டும் அந்தப் பயம் குறைவு. அதில் தாமிரத்தைப் பிடித்திருக்கும் தாலோசயனின் வளையம் அடர் கந்தக அமிலத்தில் கரைத்தாலும் தாமிரத்தை விடாது.

உரக்கடைக்காரர் சொன்னது சரி, ஆனால் முழுசாக இல்லை. இலையில் அடிக்க இரும்பு இ.டி.டி.ஏ. நன்றாகவே வேலை செய்யும். உங்கள் சுக்காங்கல் பூமியில் அதை வேருக்கு ஊற்றினால் காசு வீண். இ.டி.டி.ஏ. ஃபெர்ரிக் இரும்பைக் கால்சியத்தைவிட மிகப் பலமாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் சுண்ணாம்பு மண்ணில் பி.எச். எட்டை ஒட்டி நிற்கும்போது ஹைட்ராக்சைடு ஒரு பக்கம் இரும்பை இழுக்கிறது, கணக்கில்லாத கால்சியம் இன்னொரு பக்கம் இ.டி.டி.ஏ.வை இழுக்கிறது. இரண்டு இழுப்பும் சேர்ந்தால் கொடுக்கு திறந்துவிடும். அந்த மண்ணில் தாங்குவது இ.டி.டி.எச்.ஏ. என்ற சிவப்பு கீலேட். இரும்பை இ.டி.டி.ஏ.வைவிடக் கோடிக்கணக்கான மடங்கு உறுதியாகப் பிடிக்கும், பி.எச். ஒன்பதிலும் விடாது. விலை அதிகம். மரப்பயிருக்குக் கட்டும், மானாவாரிச் சோளத்துக்குக் கட்டாது.

இப்போது அந்தப் புதிருக்கு விடை சொல்லலாம். தண்ணீரில் இரும்பு இருக்கிறது, மண்ணிலும் ஏராளமாக இருக்கிறது. செம்மண்ணின் சிவப்பே இரும்பு. ஆனால் அது வந்த உடனே படிந்துவிடுகிறது, வேர் எடுக்கும் வடிவத்தில் நிற்பதில்லை. போர் தண்ணீர் கொண்டுவரும் பைகார்பனேட் நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. கடலைச் செடி சும்மா இருப்பதில்லை. வேரிலிருந்து அமிலத்தை விட்டு, ஃபெர்ரிக்கை ஃபெர்ரஸாக மாற்றி உறிஞ்சப் பார்க்கும். பைகார்பனேட் அந்த அமிலத்தைத் தின்றுவிடுகிறது. சோளம் புல் குடும்பம், அதன் வழி வேறு. வேரிலிருந்து தானே ஒரு கீலேட்டைச் சுரந்து மண்ணுக்குள் அனுப்பி, இரும்பைப் பிடித்துக்கொண்டு திரும்ப உள்ளே வாங்கும். பார்லி இதில் கெட்டிக்காரப் பயிர், சோளம் சுரப்பது குறைவு. அதனால்தான் சுண்ணாம்பு மண்ணில் சோளம் முதலில் வெளுக்கிறது. மனிதன் கடையில் விற்கும் சரக்கை ஒரு புல் தன் வேர் நுனியில் செய்துகொண்டிருக்கிறது என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கே ஒரு சந்தோஷம் வரும்.

உங்களுக்கு நான் சொல்வது கீலேட்டைவிட மலிவான வழி. நூறு லிட்டர் தண்ணீரில் முதலில் நூறு கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரையுங்கள். உரக்கடையிலேயே கிடைக்கும், எலுமிச்சையில் இருக்கும் அதே அமிலம். அதில் ஒரு பகுதி பைகார்பனேட்டைத் தணிக்கப் போய்விடும். அப்போது நுரை மாதிரி குமிழ் வரும், பயப்பட வேண்டாம். மிச்சம் பி.எச்.சை இறக்கி இரும்பையும் கை கொடுத்துப் பிடித்துக்கொள்ளும். குமிழ் அடங்கியபின் அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை பச்சை மாறாத அன்னபேதி போடுங்கள். வரிசை முக்கியம், அன்னபேதியை முதலில் போட்டால் பழைய சேறுதான். சந்தேகம் இருந்தால் இரண்டு கண்ணாடி பாட்டிலில் செய்து பாருங்கள், ஒன்றில் சிட்ரிக் அமிலத்தோடு, இன்னொன்றில் இல்லாமல். ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். இதே டேங்கில் டி.ஏ.பி. என்ற பாஸ்பேட் உரத்தைக் கலக்காதீர்கள், பாஸ்பேட் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துப் படியவைத்துவிடும். கால்சியம் நைட்ரேட்டையும் அதே காரணத்துக்காகப் பாஸ்பேட் உரத்தோடு சேர்த்துச் சொட்டுநீரில் விடக்கூடாது.

கலந்த அன்றைக்கே, வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள். இரும்பு ஒரு இலையிலிருந்து இன்னொரு இலைக்கு எளிதில் நகராது. பழைய இலை பச்சையாக இருக்கக் குருத்து வெளுப்பது அதனால்தான். ஆகவே ஒரு தடவை அடித்தால் அன்று விரிந்திருக்கும் இலைகள்தான் பச்சையாகும். பத்து நாள் கழித்து, புதிய குருத்து விரிந்ததும் மறுபடி அடிக்க வேண்டும்.